ரொக்கமும் வியாபாரியின் கடமையும்



"ரொக்கம் வாங்குவதில்லை" என்ற பலகை இன்று சிங்கப்பூரில் சில கடைகளில் காணப்படுகிறது. இதற்குச் சட்டம் இடந்தருகிறதா, மார்க்கம் என்ன கூறுகிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் சட்டம். 1967-ம் ஆண்டு ஜூன் 12-ல் சிங்கப்பூர் தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது. அவ்வாண்டின் நாணயச் சட்டப்படி நோட்டும் காசும் செல்லுபடியாகும் பணமாகும். நோட்டுக்கு வரம்பில்லை, காசு மட்டும் ஒரே கொள்முதலில் வகைக்கு 20 வரை. ஆயினும் வியாபாரத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவித்துவிட்டால், கடைக்காரர் மறுக்கலாம். வாய்ச்சொல் போதாது.

பிக்ஹு நூல்களின் முறையும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. விலை இன்ன நாணயம் என்று குறிப்பிடாமல் பேரம் முடிந்தால், அவ்வூரில் வழங்கும் நாணயமே, அதாவது 'நக்துல் பலத்', அதற்குரியது. வேறு நிபந்தனை இருப்பின், ஒப்பந்தத்துக்கு முன் இருவரும் அதை அறிந்திருக்க வேண்டும். ரொட்டியும் தேநீரும் உண்டு முடித்த முதியவரிடம், பத்து வெள்ளி நோட்டை நீட்டும் வேளையில், "கைப்பேசி இருக்கிறதா?" என்று கேட்பது எந்தக் கணக்கில் சேரும்?

நிற்க. கைப்பேசி வழிப் பணம் ஆகாது என்று இங்கு வாதிக்க வரவில்லை. 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு மன்றம், பாங்குக் கணக்கில் வரவு வைப்பதையும் கைப்பற்றியதாகவே ஏற்றது. நாணய மாற்றில், அதாவது 'ஸர்பு' வியாபாரத்தில், பிரியுமுன் கைக்குக் கை மாற வேண்டுமென்ற விதியும் இதனால் தளர்ந்துவிடவில்லை. நிறைவேறும் வழி விரிந்தது, அவ்வளவே. ஆனால் நம்மவர் பலர் தலைமுறையாக நடத்திவரும் நாணய மாற்றுக் கடைக்கு நோட்டுதான் சரக்கு!

ரொக்கம் குறைவது ஒரு சுழற்சி. கடைகள் மறுக்க மறுக்க மக்கள் எடுப்பது குறைகிறது. எடுப்பது குறைந்தால் பாங்கு தன் கிளையையும் பணப்பொறியையும் குறைக்கிறது. பிறகு சில்லறை கிடைக்காமல் இன்னும் சில கடைகள் மறுக்கின்றன. ஸ்வீடன் இதைக் கண்டே, 2021 முதல் பெரிய பாங்குகள் ரொக்கச் சேவை தந்தாக வேண்டுமெனச் சட்டம் செய்தது. பிரிட்டனும் 2023-ல் ரொக்கம் கிடைக்கும் வழியைக் காக்கச் சட்டம் இயற்றியது.

நம் ஊரில் 2023 அக்டோபர் 14-ல், ஒரு கணினி நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானதால் இரு பாங்குகளின் சேவை முடங்கி, சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமற் போயின. அன்று பையில் நோட்டு வைத்திருந்தவரும், அதை வாங்கிய கடைக்காரரும் வியாபாரம் செய்தனர்.

ஆகவே கல்லாவில் சிறு நோட்டும் சில்லறையும் எப்போதும் இருக்கட்டும். ரொக்கம் வேண்டாமென்றே முடிவு செய்த சகோதரர், பலகையைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டாமல், வாடிக்கைக்காரர் உள்ளே வருமுன் படிக்கும்படி வாசலில், தமிழிலும் எழுதி வைப்பாராக.