கப்பலில் 22 பேர் பந்தி

சேலையூரிலிருந்து உறவினர்கள் 22 பேர் சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுகிறோம். இரவு உணவுக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார முடியுமா?
– வாசகி, சேலையூர்

ஒரே மேசை கிடைப்பது அரிது. அடுத்தடுத்த மூன்று மேசைகள் கேளுங்கள். கப்பல் உணவுக்கூடங்களில் பெரிய மேசையே எட்டு, பத்துப் பேருக்குத்தான்.

உதாரணத்துக்கு, 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாவைத் தொடங்கி, மறு ஆண்டு இலங்கையின் காங்கேசன்துறை வரை போன கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’, 1990இல் கட்டப்பட்ட கப்பல். நம் கல்யாண மண்டபம் போல இலையை நீட்டிப் போட அங்கே வழியில்லை.

பெரிய கப்பல்களில் பெரும்பாலும் இரண்டு பந்தி. பாட்டியும் குழந்தைகளும் இருந்தால் முதல் பந்திதான் சரி. தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால், எல்லா முன்பதிவு எண்களையும் ஒரே குழுவாக இணைக்கும்படி முகவரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். சைவ மேசையைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஏறியதும் எல்லோரும் மேல்தளத்தில் செல்ஃபி எடுக்கட்டும். நீங்கள் மட்டும் உணவுக்கூட மேலாளரைப் போய்ப் பாருங்கள்.