ரெடிஸ் மறக்காமல் இருக்க என்ன செய்யணும்?

மினி ப்ராஜெக்ட்டுக்காக நானும் நண்பனும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு நாள் நின்னோம். திருவனந்தபுரம், திருநெல்வேலி, மதுரை என்று ஒவ்வொரு ஊருக்கும் பஸ் நேரத்தை நோட்டில் எழுதி, அப்படியே ரெடிஸில் ஏத்தினோம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, பாஸ்வேர்டு வைக்கலாம்னு கன்டெய்னரை நிறுத்தி மறுபடி ஓட்டினா, ஒரு கீ கூட இல்லை. "மக்கா, எல்லாம் போச்சு லே!" நோட்டு கையில இருந்ததால் விடிய விடிய டைப் பண்ணித் தப்பிச்சோம்.

என்ன நடந்தது?

2009-ல் இத்தாலிக்காரர் சல்வதோரே சான்ஃபிலிப்போ உருவாக்கியது ரெடிஸ். டேட்டாவை ரேமில் வைத்திருப்பதால்தான் இவ்வளவு வேகம். விசாரணை கவுண்டரில் நோட்டைப் புரட்டாமல் பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரி. ஆனா அவர் மறந்தா நோட்டு வேணுமே!

நிறுத்தும்போது ரெடிஸ் டிஸ்க்கில் எழுதத்தான் செஞ்சது. எழுதின இடம், டாக்கர் தானே உண்டாக்கின பெயரில்லாத வால்யூம். நாங்க காப்பியடிச்ச கட்டளையில் 'ஆர்எம்' ஆப்ஷன் இருந்தது. கன்டெய்னர் நின்னதும் அதையும் அந்த வால்யூமையும் சேர்த்து அழிப்பதுதான் அதன் வேலை.

சரியாகச் செய்யும் முறை

1. முதலில் ஒரு வால்யூமை உருவாக்கி பெயர் வையுங்க. அதை கன்டெய்னருக்குள் இருக்கும் 'டேட்டா' ஃபோல்டரோடு இணையுங்க. கன்டெய்னர் போனாலும் பெயருள்ள வால்யூம் போகாது.

2. 'அப்பெண்ட் ஒன்லி' வசதியை ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு மாற்றமும் ஃபைலில் சேரும். டீஃபால்ட்டாக வினாடிக்கு ஒருமுறை டிஸ்க்குக்குப் போகும். திடீர்னு கரண்ட் போனாலும் கடைசி ஒரு வினாடி அளவுதான் இழப்பு.

3. போர்ட்டை வெறும் 6379 என்று திறக்காதீங்க, 127.0.0.1:6379:6379 என்று கொடுங்க. இல்லைன்னா ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிற யாரும் உள்ளே வரலாம். லினக்ஸில் டாக்கர் திறக்கும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலும் தடுக்காது. பாஸ்வேர்டும் வையுங்க.

4. மெமரிக்கு உச்சவரம்பு போடுங்க. வரம்பு நிறைஞ்சா டீஃபால்ட்டாக ரெடிஸ் புது டேட்டாவை ஏற்காமல் எரர் தரும். பழைய கீயைத் தூக்கிவிட்டு இடம் கொடுக்கும் 'எல்ஆர்யூ' முறையை, வேறு பிரதி இருக்கிற டேட்டாவுக்கு மட்டும் வைச்சுக்கோங்க.

சோதிச்சுப் பாருங்க

ஒரு கீ போடுங்க. கன்டெய்னரை அழியுங்க. அதே வால்யூமோடு புதுசா ஓட்டி, அந்தக் கீயைக் கேளுங்க. பதில் வந்தா நிம்மதியா தூங்கலாம். இந்தச் சோதனைக்கு ரெண்டு நிமிஷம் போதும். நாங்க அதைச் செய்யாததால் ஒரு ராத்திரி போச்சு.

இப்போ எங்க பஸ் நேரமெல்லாம் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கு, ரெடிஸில் அதன் நகல்தான். அந்த நோட்டையும் இன்னும் தூக்கிப் போடல.