விளக்கு எரிந்தாலும் ஆயுள் முடிந்திருக்கும்: பழைய ரவுட்டர்கள் கற்றுத்தந்த பாடங்கள்

கோவையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த மோடம் எப்போ வாங்கினதுங்க?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது ரொம்ப நாளா இருக்குதுங்க, நல்லாத்தான் ஓடுது."

மிக்சி ஓடும்வரை அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ரவுட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தயாரித்த நிறுவனம் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை எந்த நாளில் நிறுத்துகிறதோ, அன்றே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை.

திருப்பூரில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். போனில் செய்தித் தளத்தைத் திறந்தாலும் சமையல் குறிப்பைத் தேடினாலும் நடுவே சூதாட்ட விளம்பரப் பக்கம் வந்து நின்றது. போனில் வைரஸ் என்று நினைத்துப் பிள்ளைகளின் போன்களை ரீசெட் செய்திருந்தார்கள். தொல்லை தீரவில்லை. மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது எதுவும் வராமல், வைஃபைக்கு மாறியதும் விளம்பரம் தலைகாட்டியது. அதனால் ரவுட்டர்மீது சந்தேகம் வந்து அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. டிஎன்எஸ் என்ற இடத்தில் இணைய நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு முகவரி இருந்தது.

நாம் தட்டச்சு செய்யும் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அதைக் கைப்பற்றியவன் நம்மை வேறு இடத்துக்குத் திருப்பிவிடலாம். வங்கித் தளங்களின் விஷயத்தில், 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். அந்த ரவுட்டரின் மாடலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினேன். அதற்கு ஆதரவு முடிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. புதிய ரவுட்டர் மாட்டிய பிறகுதான் அந்த வீடு நிம்மதியடைந்தது.

இது ஒரு வீட்டுக் கதையோடு முடிவதில்லை. பல நிறுவனங்களின் ரவுட்டர்களுக்குள் இருந்த 'ராம்பேஜர்' என்ற மென்பொருளில் 2002இல் ஒரு பிழை நுழைந்தது. அதை எழுதிய நிறுவனம் 2005இலேயே திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனால் 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடியபோது, அதே பிழையோடு 189 நாடுகளில் சுமார் 1.2 கோடி கருவிகள் இணையத்தில் இருந்தன. மருந்து இருந்தும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை.

2017 ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் பலரின் மோடம்களை ஒரு மால்வேர் முடக்கியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவைதான் அதில் மாட்டின. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. லின்க்ஸிஸ் இ1200, இ2500 போன்ற ஆயுள் முடிந்த ரவுட்டர்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்து, அவற்றின் இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ரவுட்டர் இருக்கும் வீட்டில் எந்த அறிகுறியும் தெரியாது, நெட் வழக்கம்போல் வரும். மோசடி செய்தது வேறொருவர். ஆனால் ஐபி முகவரியைத் தேடி வரும் விசாரணை, அந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

நான் ஒவ்வொரு வீட்டிலும் செய்யும் வேலைகளைச் சொல்கிறேன். நீங்களே செய்துகொள்ளலாம்.

1. பெட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். மாடல் எண்ணோடு ஹார்ட்வேர் வெர்ஷனையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் வி1, வி2 என்று இருக்கும், ஒன்றின் ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் மென்பொருள்) மற்றொன்றுக்குச் சேராது. தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஆதரவு முடிந்த பட்டியலில் அது இருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றுங்கள்.

2. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால், பெரும்பாலும் அவர்கள்தான் அப்டேட் செய்ய முடியும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, "இதுக்கு இன்னும் அப்டேட் வருதா?" என்று கேளுங்கள். வராவிட்டால் மாற்றித்தரச் சொல்லுங்கள். மாதாமாதம் பணம் கட்டும் நமக்கு அந்த உரிமை உண்டு.

3. இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. முதலாவதை மாற்றும் பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. லைன் கொடுக்க வந்தவர் வைத்த பாஸ்வேர்ட் அந்தத் தெரு முழுக்க ஒன்றாகவே இருக்கக்கூடும்.

4. தேவையில்லாத கதவுகளை மூடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட், கருவிகள் கேட்டதும் தானாகவே கதவு திறக்கும் யுபிஎன்பி, பின் எண்ணால் வைஃபையில் இணைய விடும் டபிள்யூபிஎஸ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். டபிள்யூபிஎஸ் பின் எட்டு இலக்கம் என்றாலும், அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கும் முறையால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி மட்டுமே உள்ள பெட்டியைப் பயன்படுத்தவே கூடாது.

5. அப்டேட் செய்யும்போது கரன்ட் போகக் கூடாது. ஃபர்ம்வேர் பாதி ஏறும்போது மின்சாரம் நின்றால் ரவுட்டர் உயிரிழந்துவிடலாம். யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். தானியங்கி அப்டேட் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள்.

6. சந்தேகம் வந்தால் ஆஃப் செய்து ஆன் செய்வதோடு நிறுத்தாதீர்கள். 2018இல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்த 'விபிஎன்ஃபில்டர்' மால்வேரின் ஒரு பகுதி, ரீஸ்டார்ட் செய்த பிறகும் உள்ளேயே தங்கியது. ஃபேக்டரி ரீசெட், பிறகு அப்டேட், பிறகு புதிய பாஸ்வேர்ட் என்ற வரிசையில் செய்யுங்கள். ரீசெட் செய்வதற்குமுன் இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. சிசிடிவி கேமராவையும் டிவியையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் விடுங்கள். விருந்தினருக்கும் அதையே கொடுங்கள். வங்கி வேலை பார்க்கும் போனும் கணினியும் தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

புதிதாக வாங்கும்போது வேகத்தையும் ஆன்டெனாவின் எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்கள் இதை வெளிப்படையாக அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். நம் ஊரில் கடைக்காரரிடம் நாம்தான் கேட்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரவுட்டரை வாங்காதீர்கள். உங்களுடையதைக் கழிக்கும்போது ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் பாஸ்வேர்டுகளும் அதோடு போகும்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நீங்களே அவர்களது ரவுட்டரைப் பாருங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். ஆனால் அந்த நிலை வராமல் தடுக்க அரைமணி நேர வேலை போதும். இந்த வாரமே உங்கள் ரவுட்டரின் லேபிளைப் படித்துவிடுங்கள். ஆதரவு முடிந்துபோன பெட்டியை ஒரு நாள்கூட வீட்டில் ஓடவிடாதீர்கள்.