பிளாஸ்மா டி.வி.: ஷோரூமில் பார்த்த படமும் வீட்டில் தெரியும் படமும்

ஜவுளிக்கடைக்கு வரும் பெண்கள் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது ஏன் என்று வணிகர்களாகிய நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டி.வி. விஷயத்தில் மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஷோரூமில் நாலாபுறமும் விளக்கு. பக்கத்துப் பெட்டியைவிடப் பளிச்சென்று தெரிய, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கூட்டி வைத்திருப்பார்கள். அதே அமைப்போடு வீட்டில் ஓடவிட்டால் முகமெல்லாம் சிவப்பு. வெள்ளை வேட்டி நீலம் போட்டது போலத் தெரியும். உடனே மெக்கானிக்கைத் தேடுகிறோம். குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை.

பானாசோனிக், சாம்சங், எல்.ஜி. ஆகியவை 2013, 2014 ஆண்டுகளில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டன. இருந்தும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வளைகுடா நாடுகளில் சம்பாதித்து வந்தவர்கள் வீட்டிலும், பழைய சாமான் விற்பனையிலும் அவை கண்ணில் படலாம். பிளாஸ்மா திரையில் நியான், செனான் வாயு அடைத்த லட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. மின்சாரம் பாயும்போது புற ஊதாக் கதிர் எழுந்து, அறையில் பூசிய பாஸ்பரை ஒளிரச் செய்கிறது. எல்.சி.டி. போலப் பின்னால் விளக்கு கிடையாது. ஆகவே கறுப்பு நல்ல கறுப்பாக வரும். பிளாஸ்மாவின் சிறப்பே அதுதான்.

இரவு, வழக்கமாகப் படம் பார்க்கும் வெளிச்சத்தில் உட்காருங்கள். பிக்சர் மோடை 'டைனமிக்' அல்லது 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு பிரைட்னஸ். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கறுப்பின் அளவைச் சரிசெய்வது. கூந்தலின் இழைகள் மங்கலாகத் தெரியும்வரை கூட்டுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தால் குறையுங்கள். கான்ட்ராஸ்ட் வெள்ளைக்கு உரியது. வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். வெறும் வெள்ளைப் பரப்பாகத் தெரிந்தால் அளவு அதிகம். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் ஷார்ப்னஸைக் குறையுங்கள். நிறத்துக்கு 'வார்ம்' வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்தது போலிருக்கும், கண் பழகிவிடும்.

பழைய எம்.ஜி.ஆர். படங்களைத் திரை முழுக்க இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர் பருத்துத் தெரிவதைச் சகிக்க முடியவில்லை! இருபுறமும் கறுப்புப் பட்டையோடு பார்ப்பதே முறை. ஆனால் நாள் முழுக்க அப்படி ஓடவிடக் கூடாது. அசையாத படம் பிளாஸ்மாவில் தடம் பதித்துவிடும். செய்திச் சேனலின் முத்திரையும் அடிவரியும் அப்படித்தான். லேசான தடமானால், திரை நிறைய அசையும் படத்தைச் சில மணி நேரம் ஓட்டினால் மறையலாம். ஆழப் பதிந்தது போகாது.

'சும்மா கிடக்கிறதே' என்று பழைய பிளாஸ்மாவைக் கடையின் கண்காணிப்புக் கேமராவுக்குத் திரையாக மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். நான்கு கட்டப் பிரிவுக் கோடும் கல்லாவின் உருவமும் திரையில் நிலைத்துவிடும். கரண்டுக் கணக்கும் இருக்கிறது. 250 வாட் இழுக்கும் பெட்டி தினமும் 10 மணி நேரம் ஓடினால் 2.5 யூனிட், இரண்டு மாத பில்லில் 150 யூனிட், அதுவும் வணிகக் கட்டணத்தில். அந்த வேலைக்குச் சிறிய எல்.இ.டி. மானிட்டர் தாராளம்.