முட்டைகோஸை விடுங்கள், காபியைக் கவனியுங்கள்

ஹஷிமோட்டோ தைராய்டு என்று மருத்துவர் சொன்னதும் வீட்டுச் சமையலிலிருந்து முதலில் விலக்கப்படுவது முட்டைகோஸும் காலிஃபிளவரும்தான். காலையில் மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்குவதை மட்டும் யாரும் தட்டிக் கேட்பதில்லை. தைராய்டு கட்டுக்குள் வராததற்கு என்ன காய் சாப்பிட்டோம் என்பதைவிட, மாத்திரையை எதோடு சேர்த்துப் போட்டோம் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் கழுத்து வீக்கத்தை ஆராய்ந்து இந்த நோயை முதலில் விவரித்தார். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்க, ஹார்மோன் சுரப்பது மெல்ல மெல்லக் குறைகிறது. அந்தத் தாக்குதலை நிறுத்தும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. குறைந்த ஹார்மோனை லெவோதைராக்சின் மாத்திரை ஈடுகட்டுகிறது. ஹார்மோன் இன்னும் குறையாதவர்கள் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும்.

செய்ய வேண்டியவை

• எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் மாத்திரையைப் போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால், கஞ்சி எதுவும் வேண்டாம். 50 மைக்ரோகிராம், 100 மைக்ரோகிராம் என்று கொடுக்கப்படும் மிக நுண்ணிய அளவு மருந்து இது. காபியும் பாலும் அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுத்தால், சீட்டில் 100 என்று எழுதியிருந்தாலும் உடம்புக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. காலைக் காபியைத் தள்ளிப்போடவே முடியாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போடலாம். ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் இந்த நேரம் தோதுப்படும்.

• கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரையோடு சேர்த்து மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்து ஒரே மடக்கில் விழுங்கும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். கேழ்வரகிலும் கால்சியம் அதிகம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். கூழ் தாராளமாகக் குடிக்கலாம், மாத்திரை போட்ட கையோடு வேண்டாம். சோயாவுக்கும் இதே கணக்கு.

• தினமும் அசிடிட்டி மாத்திரை போடுபவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாது.

• மருந்தின் அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை பாருங்கள். பத்து நாளில் ஓடிப்போய்ப் பார்த்துக் கவலைப்படுவது வீண். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் இதே இடைவெளியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

• முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டி.எஸ்.எச். குறைந்தால் மருந்து அதிகம் என்று பொருள் என்பதால், அதை நம்பித் தைராய்டு மாத்திரையைக் குறைத்தால் முடி இன்னும் கொட்டும்.

• கர்ப்பம் உறுதியானால் அன்றே மருத்துவரை அழையுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். பெரும்பாலோருக்கு மருந்தின் அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

• டி.எஸ்.எச். சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? ஹீமோகுளோபினையும் வைட்டமின் பி12-ஐயும் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• முட்டைகோஸுக்குப் பயப்படாதீர்கள். சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருட்கள் அதில் இருப்பது உண்மை. வேகவைத்தால் அவை பெருமளவு குறையும். அதோடு, உங்களுக்கு வேண்டிய ஹார்மோன் மாத்திரையிலிருந்து வருகிறது. பொரியலை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கும் வைத்தியம்தான் கூடாது.

• அயோடின் உப்பை நிறுத்திவிட்டு வீடு முழுக்க இந்துப்புக்கு மாறாதீர்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. சமையல் உப்பு தரும் அளவு உங்கள் நோயைக் கூட்டாது. ஆனால் இந்துப்பால் அதே வீட்டில் சாப்பிடும் குழந்தைகளுக்கு அயோடின் குறையலாம். மறுபக்கம், ‘தைராய்டுக்கு நல்லது’ என்று விற்கும் கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கக்கூடும். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது நோயை மோசமாக்கும்.

• கோதுமையை விட்டால் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் விட்டே ஆக வேண்டும்.

• எடை குறையட்டும் என்று கூடுதலாக ஒரு மாத்திரை போடாதீர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளடைவில் எலும்பு தேயும்.

• தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கும் ஆன்டி-டி.பி.ஓ. பரிசோதனையை மாதாமாதம் எடுக்காதீர்கள். நோயை உறுதிசெய்ய ஒருமுறை போதும். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் மாத்திரையின் அளவு மாறப்போவதில்லை.

• மாத்திரை பாட்டிலை அடுப்படியிலும் வெயில் படும் ஜன்னலிலும் வைக்காதீர்கள்.

• டி.எஸ்.எச். நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் நிறுத்தியவருக்கு முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில் ஒரு பொடியோ கஷாயமோ சாப்பிட்டிருந்தால், நல்ல பெயர் அதற்குப் போய்விடும். பிறகு அசதி, மலச்சிக்கல், குரல் கரகரப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். யார் எதைக் கொடுத்தாலும், ‘இதைச் சாப்பிடுங்கள், அந்த மாத்திரையை விட்டுவிடுங்கள்’ என்று சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.