கல்லூரி அணியில் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

அமெரிக்காவில் பேஸ்பாலுக்குப் பெயர்போன பல்கலைக்கழகங்களில் மைதானத்தை ஒட்டி ஒரு சுவர் இருக்கும். அங்கே படித்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதல் வருஷப் பையன்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும், அந்த வயதுக்கு அது அழகுதான். ஆனால் இருபது வருஷம் மேஜர் லீகில் ஆடியவன் பெயரும், இரண்டு கோடைக்காலம் பஸ்ஸில் அலைந்துவிட்டு ஊர் திரும்பியவன் பெயரும் அங்கே ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். கல்லூரி ஆட்டங்களை கேலரியில் உட்கார்ந்து பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருப்பது என் பழக்கம். அதை வைத்துச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

1. ட்ராஃப்டில் பெயர் வருவது வேறு, மேஜர் லீகில் ஆடுவது வேறு. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு 1965இல் தொடங்கியது. முதல் பெயரே ஒரு கல்லூரிப் பையனுடையது: அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரிக் மண்டே. இப்போது 30 அணிகள், 20 சுற்றுகள். ஆக, வருஷத்துக்குச் சுமார் 600 பேர். மேஜர் லீகில் அணிக்கு 26 இடம், மொத்தம் 780. அந்த 780 இடத்திலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறான், அவன் லேசில் எழுந்திருக்க மாட்டான். இந்தக் கணக்கை நீயே ஒரு தாளில் போட்டுப் பார். பெயர் வந்த அன்று வீட்டில் விருந்து வைக்கலாம், தப்பில்லை. மறுநாள் உனக்குக் கிடைப்பது மைனர் லீகின் அடிமட்டம். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். எந்த இடத்திலும் உன்னை இறக்கி அனுப்பிவிடலாம்.

2. எத்தனையாவது சுற்று என்பதைத் தலையெழுத்தாக நினைக்காதே. ஆல்பர்ட் புஹோல்ஸ் கன்சாஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் என்ற சிறிய சமுதாயக் கல்லூரியில் ஆடிவிட்டு, 1999இல் 13ஆவது சுற்றில் 402ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 703 ஹோம் ரன். மைக் பியாட்சா கதை இன்னும் வேடிக்கை. மயாமி-டேட் கல்லூரிக்காரர். டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவர் அப்பாவுக்கு நண்பர். அந்த முகத்துக்காக 1988இல் 62ஆவது சுற்றில், 1,389 பேர் போன பிறகு, அவரை எடுத்தார்கள். 2016இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

இந்தக் கதைகளை உன் பயிற்சியாளர் உனக்கு நூறு தடவை சொல்வார். அவர் விட்டுவிடுவதை நான் சொல்கிறேன்: 13ஆவது சுற்றில் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் நுழைகிறார்கள். முதல் சுற்றுக்காரனுக்குப் பெரிய பணம் கொடுத்திருப்பதால் அவன் இரண்டு வருஷம் சொதப்பினாலும் அணி பொறுத்துக்கொள்ளும். உனக்கு அந்தப் பொறுமை கிடைக்காது. தெரிந்துகொண்டு போ.

3. பதினெட்டு வயதில் அழைப்பு வந்து நீ கல்லூரிக்கே வந்திருந்தால், அதை நினைத்து ராத்தூக்கம் கெடாதே. ஆரன் ஜட்ஜை 2010இல் ஓக்லண்ட் அணி 31ஆவது சுற்றில் கேட்டது. அவர் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து யாங்கீஸ் அவரை முதல் சுற்றில், 32ஆவது ஆளாக எடுத்தது. 2022இல் 62 ஹோம் ரன் அடித்தாரே, அவரேதான். பாரி பாண்ட்ஸும் ராண்டி ஜான்சனும்கூட 1982இல் வந்த அழைப்பை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனவர்கள்தாம். நான்கு வருஷக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருஷம் முடியும்வரை, அல்லது 21 வயதுவரை உன்னை யாரும் எடுக்க முடியாது. இரண்டு வருஷ ஜூனியர் கல்லூரிக்கு அந்தக் கட்டு இல்லை. ஜூனியர் கல்லூரி என்றாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். ரோஜர் கிளெமென்ஸ் சான் ஜசின்டோ ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டுத்தான் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1983இல் தேசியக் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

4. எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நின்று பார். இந்த ஒன்றை மட்டும் நீ கேட்டாலே எனக்குப் போதும்.

ஃப்ளாரிடாவில் டிலாண்ட் என்ற ஊரில் ஸ்டெட்சன் என்று ஒரு சிறிய பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜேக்கப் டிகிராம் அங்கே ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்தார். பந்தைப் பிடிப்பார், நன்றாக எறிவார், மட்டைதான் பேசவில்லை. மூன்றாம் வருஷம் அவரைப் பந்து வீசச் சொன்னார்கள். அவருக்கு முதலில் அதில் அவ்வளவு விருப்பமில்லை. 2010இல் மெட்ஸ் ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. அதே வருஷம் முழங்கையில் அறுவை. மேஜர் லீகில் முதல் பந்து வீச 2014 ஆகிவிட்டது. அந்த வருஷமே சிறந்த புதுமுகம். பிறகு 2018, 2019 இரண்டு வருஷமும் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. ஷார்ட்ஸ்டாப்பாகவே இருப்பேன் என்று அன்றைக்கு அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் அவர் பெயர் இன்று ஸ்டெட்சன் வளாகத்தைத் தாண்டியிருக்காது. கல்லூரியில் டிகிராம் அடித்த ஒரே ஹோம் ரன், பின்னாளில் தானும் பெரிய பிட்ச்சரான கிறிஸ் சேல் வீசிய பந்தில் என்பது இந்த விளையாட்டின் குறும்பு. அதே ஸ்டெட்சனில் படித்த கோரி க்ளூபரும் 2014, 2017 என இரண்டு சை யங் வாங்கியிருக்கிறார். பெரிய பெயர் உள்ள கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவன் இதை யோசிக்க வேண்டும்.

பஸ்டர் போசியும் ஃப்ளாரிடா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப்தான். இரண்டாம் வருஷம் கேட்ச்சராக்கினார்கள். 2008இல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடத்திலும் நின்று காட்டினார். கேட்ச்சராக சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு மூன்று உலகத் தொடர்களை வென்று தந்தார்.

5. அலுமினிய மட்டையில் வரும் ரன்களை நம்பாதே. கல்லூரிகள் 1974 முதல் உலோக மட்டையை அனுமதிக்கின்றன. 2011இல் விதியை இறுக்கி அதன் வேகத்தைக் குறைத்தார்கள், ஆனாலும் அது மரம் ஆகிவிடாது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பந்து பட்டால் மர மட்டை முறிந்துவிடும், உலோக மட்டை உனக்கு ஒரு சிங்கிள் வாங்கிக் கொடுக்கும். தொழில்முறையில் மரம் மட்டும்தான். அதனால்தான் ஸ்கவுட்கள் கோடைக்காலத்தில் மாசசூசெட்ஸின் கேப் காட் லீகுக்குப் படையெடுக்கிறார்கள். அங்கே 1985 முதல் மர மட்டை. இடம் கிடைத்தால் போ. உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவார்கள். உன் பேட்டிங் சராசரி அங்கே சரிந்தால் பயப்படாதே, உன் உண்மையான எண் அதுதான்.

6. ஒரு மோசமான பருவத்தை வைத்து உன்னை நீயே எடை போடாதே. ஜாக்கி ராபின்சன் 1940இல் யுசிஎல்ஏ அணிக்காக ஆடியபோது அவர் சராசரி .097. நான்கு விளையாட்டில் கல்லூரிக்கு ஆடியவர், அதில் பேஸ்பால்தான் மட்டம். ஏழு வருஷம் கழித்து புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, கறுப்பர்களுக்கு அடைத்து வைத்திருந்த கதவைத் திறந்தார்.

7. கை வலித்தால் வாய் திறந்து சொல். குமார் ராக்கரை உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா வழியில் இந்தியப் பூர்வீகம், அப்பா கறுப்பின அமெரிக்கர், அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றவர். 2019இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் முதல் வருஷ மாணவராக டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஒமாஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடரில் கோப்பையும் வாங்கி, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். நம் ஆட்கள் பலர் பேஸ்பாலைத் திரும்பிப் பார்த்ததே அந்தப் பெயரால்தான்.

2021இல் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்தது, தொகையும் பேசி முடிந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அணி பின்வாங்கியது, ஒப்பந்தம் இல்லை. தோளில் அறுவை. பிறகு எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத ஒரு தனி லீகில், ட்ரை-சிட்டி என்ற அணிக்கு வீசிக் காட்டினார். 2022இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த வருஷம் முழங்கையில் அறுவை. ஒருவழியாக 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் வீசினார்.

உன் கல்லூரிப் பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு இந்த வார ஆட்டம் ஜெயிக்க வேண்டும், உனக்கோ அந்தக் கை இன்னும் பத்து வருஷம் வேண்டும். எத்தனை பந்து வீசினாய், எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாய் என்று நீயே ஒரு நோட்டில் எழுதி வை. வலியை மறைத்து ஒரு கோப்பை வாங்கினாலும், ஸ்கேன் எடுக்கும் நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

8. நேராக மேஜர் லீகில் குதித்தவர்களை உதாரணம் காட்டாதே. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவ் வின்ஃபீல்டை 1973இல் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து மூன்றும் கேட்டன. பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டு மைனர் லீக் வாசனையே இல்லாமல் ஆடப் போனார். வலது கை இல்லாமல் பிறந்த ஜிம் ஆபட், மிஷிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 1989இல் அதேபோல் போனார். அப்படிப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

9. பணத்தை வெட்கப்படாமல் பேசு. பல வருஷங்களாக ஒரு பெரிய கல்லூரி அணி முழுவதற்குமே 11.7 முழு உதவித்தொகைதான். அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டார்கள், மிச்சத்தை அப்பா அம்மா கட்டினார்கள். இப்போது விதி மாறி, புது ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் 34 பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. உனக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேள்.

ட்ராஃப்டில் மூன்றாம் வருஷ மாணவனுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. தொகை பிடிக்கவில்லை என்றால் நான்காம் வருஷத்துக்குத் திரும்பலாம் என்பது அணிக்கும் தெரியும். நான்காம் வருஷக்காரனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. முதல் பத்துச் சுற்றுக்கு அணிகளுக்கு மொத்தச் செலவு வரம்பு இருப்பதால், கடைசி வருஷப் பையன்களைச் சொற்பத் தொகைக்கு எடுத்து, மிச்சத்தை வேறு ஒருவனுக்குக் கொடுப்பார்கள். இது அநியாயம்தான், ஆனால் விதிக்குள் நடப்பது. மைனர் லீக் சம்பளம் 2023இல் ஆட்டக்காரர்கள் சங்கம் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது: அப்போது குறைந்தபட்சம் சிங்கிள் ஏயில் வருஷத்துக்கு 26,200 டாலர், டிரிபிள் ஏயில் 35,800. அதற்கு முன் சிங்கிள் ஏயில் 11,000.

10. பட்டத்தைப் பாதியில் விட்டுப் போகிறாய் என்றால் திரும்பி வர வழி வைத்துக்கொள். மைக் முசினா ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரப் பட்டத்தை மூன்றரை வருஷத்தில் முடித்தவர், ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார். எல்லோருக்கும் அது முடியாது. ஆனால் உன்னை எடுக்கும் அணி, மீதிப் பருவங்களின் படிப்புச் செலவை ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதித்தர ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது தானாக வராது, நீதான் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை பருவம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை டாலர் என்று எண்ணில் இருக்கட்டும். ஆட்டத்தை விட்ட இரண்டு வருஷத்துக்குள் வகுப்பில் சேராவிட்டால் அந்த உரிமை போய்விடும். போனஸ் தொகை அச்சான பக்கத்தோடு நிறுத்திவிடாமல், கையெழுத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தையும் அம்மா அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.