ஊர் கடந்தும் ஒலிக்கும் கைப்பேசி

1996ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பு கொச்சியில் ஒலித்தது. எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தென்னகக் கடற்படைப் பிரிவின் தலைவர் ஏ. ஆர். டண்டனுடன் பேசினார். அச்சேவையை வழங்கியது எஸ்கோடெல் நிறுவனம். கேரளத்தில் உரிமம் பெற்ற மற்றொரு நிறுவனம் பி.பி.எல்.

அரசு நாட்டைப் பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்து உரிமம் அளித்தது. தமிழ்நாடும் கேரளமும் வெவ்வேறு வட்டங்கள். கோவையிலிருந்து ஏலூருக்கு வேலை தேடி வருபவர் வாளையாற்றைக் கடந்ததும் வட்டம் மாறிவிடும். அங்கே அவருடைய நிறுவனத்திற்குக் கோபுரம் இல்லாமலும் இருக்கலாம். அந்நிலையிலும் அவர் பேசுவதற்கு உதவும் ஏற்பாடே 'ரோமிங்'.

புதிய இடத்தில் கைப்பேசி அருகிலுள்ள கோபுரத்தை நாடுகிறது. அக்கோபுரத்திற்குரிய நிறுவனம், "இவர் உங்கள் வாடிக்கையாளரா?" என்று அவருடைய சொந்த நிறுவனத்தைக் கணினி வழியே வினவுகிறது. 'ஆம்' என்ற விடை வந்ததும் இணைப்பு கிடைக்கிறது. அவர் இருக்குமிடத்தையும் சொந்த நிறுவனம் குறித்துக்கொள்கிறது. மதுரையிலிருந்து தாய் அழைத்தால், அவ்வழைப்பு முதலில் சொந்த நிறுவனத்தை அடைந்து, பின்னர் கேரளத்திற்குத் திருப்பப்படுகிறது. இந்தக் கூடுதல் வழிக்கான கட்டணத்தை அழைப்பை ஏற்பவரே செலுத்த வேண்டியிருந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகள் இலவசமான பின்னரும், வட்டம் கடந்தவர்களுக்கு இச்சுமை நீடித்தது. எனவே, வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஓரிரு சொற்களில் பேச்சை முடித்துக்கொண்டவர் பலர்.

நிறுவனங்களுக்கிடையிலான போட்டியே இந்நிலையை மாற்றியது. 2016இல் ஜியோ நிறுவனம் உள்நாட்டு ரோமிங் கட்டணமின்றிச் சேவையைத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 2015 ஜூலை முதல், வட்டம் மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் நாடெங்கும் வந்தது.

போட்டியிடும் நிறுவனங்கள் பேரிடரின்போது கைகோக்கின்றன. 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தைத் தாக்கியபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எந்த நிறுவனத்தின் கோபுரத்தையும் பயன்படுத்த அரசு வழிசெய்தது. 112 என்னும் அவசர எண்ணும் அத்தகையதே. சொந்த நிறுவனத்தின் அலை எட்டாத இடத்தில், வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் உதவி கோரலாம். வாணிகத்தில் போட்டி கட்டணத்தைக் குறைத்தது. ஆபத்தில் ஒத்துழைப்பு உயிரைக் காக்கிறது.

சொற்பொருள்
வட்டம் – உரிமப் பகுதி
வினவுதல் – கேட்டல்
வாணிகம் – வணிகம்
பேரிடர் – பெருந்துன்பம்

பயிற்சி
1. கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பில் பேசிக்கொண்ட இருவர் யாவர்?
2. ரோமிங்கில் அழைப்பை ஏற்பவர் கட்டணம் செலுத்த நேர்ந்தது ஏன்?
3. பிரித்து எழுதுக: அச்சேவை, அவ்வழைப்பு, பேரிடர்.
4. கைப்பேசி பரவுவதற்கு முன் சொந்த ஊருடன் எவ்வாறு தொடர்புகொண்டனர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.